நெல்லு மூட்டையும் ரெண்டு ரிசீவரும்

மன்னார்குடி
பிப்ரவரி கடைசி, ராத்திரி பத்தரை

மாப்ள,

டிவி சத்தத்த ஸ்பீக்கர் எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுக்குற டப்பா, அதான் ரிசீவர், யமஹா வாங்கவா டெனான் வாங்கவான்னு போன்ல நீ கேட்டப்ப "நாளைக்கு சொல்றேன்டா"ன்னுட்டு வச்சேன், ஆச்சு பன்னெண்டு நாளு. கோச்சுக்காத. சம்பா அறுப்புடா, மிஷினு இந்தா வர்றேன் அந்தா வர்றேன்னு நாலு நாள் இழுத்து, ஒருவழியா அறுத்து டிபிசிக்கு, அதான் அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்கு, கொண்டு போனா ஈரம் 19 சதவீதம், 17-க்கு மேல எடுக்க மாட்டாங்கன்னு உனக்கே தெரியும், சரின்னு திருப்பிக் கொண்டாந்து களத்துல காயப்போட்டா சாயங்காலம் வானம் கறுக்குது, வேற எங்க வைக்கிறது, எல்லாத்தையும் சாக்குல அள்ளி வீட்டுக் கூடத்துலயே அடுக்குனோம். இருபத்தெட்டு மூட்டை. டிவிக்கு ரெண்டு பக்கமும் மூலைல, சுவத்தோட ஒட்டி, என் நெஞ்சு உசரத்துக்கு.

ரிசீவர் கேட்டா நெல்லு கதை சொல்றானேன்னு பாக்காத, சம்பந்தம் இருக்கு. அன்னிக்கு ராத்திரி கை சும்மா இருக்காம ஒரு படத்தப் போட்டேன் பாரு, என் வீட்டு சவுண்டா இதுன்னு ஆயிருச்சு. எங்க கூடம்தான் உனக்குத் தெரியுமே, சிவப்பு சிமெண்ட் தரை, மொட்டை சுவரு, சாதாரணமா பேசுனாலே கணகணங்கும், அடி சத்தத்துக்குன்னே இருக்குற சப்ஊஃபர் எப்பவும் பக்கத்து வீட்ல யாரோ உரல்ல இடிக்கிற மாதிரி ஒரே சத்தத்துல குமுறிக்கிட்டே இருக்கும். அந்தக் குமுறல் பாதி அடங்கிப்போச்சு. அடி விழுந்தா விழுந்த எடத்துல நிக்குது, வாலு நீளல. எங்கம்மா அடுப்படிலேருந்தே "என்னடா இன்னிக்கு பேசுறதெல்லாம் புரியுது"ங்கிறாங்க. நாலு நாள் ராஜா மாதிரி கேட்டேன். அஞ்சாம் நாள் நெல்லு போச்சு, கூடவே சவுண்டும் போச்சு. வித்த காசு வந்துருச்சு, மனசு என்னமோ மூட்டையவே நெனச்சுக்கிட்டு கெடக்கு, சிரிக்காத.

அதனால நீ ரெண்டு டப்பாவ வச்சுக்கிட்டு ஒரு மாசமா தூங்காம கெடக்குறியே, அதுங்களுக்கு நடுவுல இருக்குற வித்தியாசத்தவிட உன் கூடத்து மூலைல என்ன கெடக்குங்கிறதுதான் ஜாஸ்தி கேக்கும். இத சொன்னா நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும், அதான் போன வாரம் திருச்சிக்கு உர வேலையா போனப்ப ஒரு கடைல நொழஞ்சு ரெண்டையும் கேட்டுட்டே வந்துட்டேன். யமஹா ஆர்எக்ஸ்-வி6ஏ, டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800ஹெச். ரெண்டும் ஒரே ஸ்பீக்கர்ல.

கடைல இருந்த தம்பி வழக்கம்போல ஹெலிகாப்டர் பறக்கவிட்டான், மழை பெய்யவிட்டான், கண்ணாடி ஒடச்சான். நான் பாக்கெட்லேருந்து பென்டிரைவ எடுத்து நீட்டுனேன், போன பங்குனி உற்சவத்துல நம்ம ராஜகோபாலசாமி புறப்பாட்டுக்கு வாசிச்ச மல்லாரி, நானே ரெக்கார்டர் வச்சு எடுத்தது. தம்பி ஒரு மாதிரி பாத்தான். ரூமுக்குத் தக்கபடி மெஷினே சவுண்ட மாத்துற ரூம் கரெக்ஷன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர் மட்டும் ஓடுற மாதிரி டைரக்ட்ல வைக்கச் சொன்னேன். உங்க பக்கத்து நரசிங்கம்பேட்டை நாயனம், 2022-ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு, அத கல்யாணத்துலயும் கோயில்லயும் பத்தடி தள்ளி நின்னு கேட்டு வளர்ந்த காது நமக்கு, ஹெலிகாப்டர எவன் பக்கத்துல நின்னு கேட்டான்? தவில்ல ஒரு பக்கம் வலந்தலைல விரல்கூடு படுற சுருக்கு தனியா, மறுபக்கம் தொப்பில குச்சி விழுற கனம் தனியா கேக்கணும், அதுதான் என் கணக்கு. ரெண்டுலயும் கேட்டுச்சு. கண்ண மூடிக்கிட்டு, எது ஓடுதுன்னு சொல்றேன்னு மூணு தடவ மாத்தச் சொன்னேன், ஒரு தடவ சரி, ரெண்டு தடவ தப்பு. தம்பிக்கு ஒரே சிரிப்பு.

நீ பெருசா பேசுனியே டெனான் 80 வாட்ஸ், யமஹா 100 வாட்ஸுன்னு, அத விட்டுரு. ரெண்டு கம்பெனியும் 8 ஓம்ஸ்ல ரெண்டே ரெண்டு சேனல் ஓடுறப்ப போட்ட நம்பர் அது, அஞ்சும் ஒண்ணா ஓடுனா ரெண்டும் எறங்கிரும். பவர ரெட்டிப்பாக்குனாத்தான் 3 டெசிபல் ஏறும், அப்ப 80-லேருந்து 100-க்குப் போனா ஒரு டெசிபல் கூட முழுசா வராது, குழம்புல ஒரு கல்லு உப்பு கூடுதலா போட்ட மாதிரி. உன் ஸ்பீக்கர் 88 டெசிபல் ரகம், ஒரு வாட்ஸ் குடுத்தாலே மூணடி தள்ளி அவ்வளவு சத்தம் வரும், நீ உக்கார்றது பத்தடி தள்ளி, அதுவும் புள்ளைங்க தூங்குன பிறகு. சாதாரண வசனத்துக்கு ஒரு வாட்ஸ் கூட போகாதுடா, வெடிக்கிறப்ப மட்டும்தான் எகிறும்.

ஹெச்டிஎம்ஐ யமஹால ஏழு இன்புட், டெனான்ல ஆறு, அந்த ஆறுல மூணுதான் 8கே. உன்கிட்ட இருக்கறதே மூணு சாமான், செட்டாப் பாக்ஸ், ப்ளூரே, மருமகனோட பிஎஸ்5. பிஎஸ்5-அ மட்டும் அந்த 8கேன்னு எழுதியிருக்குற ஓட்டைல சொருகு, இல்லன்னா 4கே-ல 120 ஹெர்ட்ஸ் வரலன்னு அவன் உன்ன உண்டு இல்லைன்னு பண்ணிருவான். டிவில இருக்குற ஓடிடி ஆப்புல வர்ற அட்மாஸ், அதான் தலைக்கு மேலேருந்தும் சத்தம் வர்ற மாதிரி செய்யறது, ஏஆர்சி வழியாவே வந்துரும், டிவி சத்தத்த ரிசீவருக்குத் திருப்பி அனுப்புற ஹெச்டிஎம்ஐ ஓட்டை அது, அதோட புது ரகம் இ-ஏஆர்சி இருந்தா இன்னும் நல்லது. பழைய ஆப்டிகல் ஒயர மாட்டிட்டு அட்மாஸ் எங்கடான்னு நடுராத்திரி எனக்கு போன் போடாத, அதுல வராது.

அப்ப எதத்தான் வாங்குறதுன்னு கேட்டா, உனக்கு டெனான். காரணம் ஒண்ணே ஒண்ணு, நீ சவுண்ட கொறச்சு வச்சு கேக்குற ஆளு. கொறச்சு வச்சா நம்ம காதுக்கு மொதல்ல காணாம போறது பேஸுங்கிற அடி சத்தம்தான், படம் ரேடியோ மாதிரி ஆயிரும். டெனான்ல ஆடிசிங்கிற ரூம் கரெக்ஷன்ல டைனமிக் ஈக்யூன்னு ஒண்ணு இருக்கு, வால்யூம் எறங்க எறங்க பேஸ தானா தூக்கிக் குடுக்கும். யமஹாலயும் ஒய்பிஏஓ வால்யூம்னு அதே வேலைய செய்யறது இருக்கு, ஆனா கடைல ராத்திரி வால்யூம்ல வச்சு கேட்டப்ப எனக்கு டெனான்தான் நெறஞ்சு கேட்டுச்சு. இதுல ஒரு வம்பு உண்டு, பின்னாடி ஸ்பீக்கரையும் சேத்து ஏத்தி விட்டுரும், சீரியல் பாத்தா முதுகுக்குப் பின்னால மாமியார் அழுவுறாங்க. அதுக்கு உள்ள ரெஃபரன்ஸ் லெவல்னு 0, 5, 10, 15-னு இருக்கும், 10-ல வையி, அடங்கிரும்.

யமஹா மட்டம்னு சொல்லல. அந்த பளபள கறுப்பு மொகமும் நடுவுல பெரிய குமிழும் பாக்க ஜம்முன்னு இருக்கு, ஒருநாள் வெரல் ரேகைக்குத்தான் தாங்காது. கச்சேரிய ஹால்ல கேக்குற மாதிரி மாத்துற டிஎஸ்பி விளையாட்டெல்லாம் அதுல ஜாஸ்தி, ஒனக்கு அதுல மோகம்னா அத வாங்கு, நான் குறுக்க நிக்கல.

டெனான்னா டப்பால அட்டைல மடிச்சு கோபுரம் மாதிரி ஒரு மைக் ஸ்டாண்டு வரும், தூக்கிப் போட்றாத. அதுல மைக்க காது உசரத்துக்கு வச்சு, ரிசீவர் போடுற சத்தத்த எட்டு எடத்துல அளக்கலாம், அத வச்சுத்தான் அது ரூம் கரெக்ஷன் பண்ணும். அளக்குறப்ப ஃபேன நிறுத்து, மிக்ஸி கூடாது, தங்கச்சிகிட்ட முன்னாடியே சொல்லிவை. நான் மூட்டை இருந்தப்ப அளந்தது மூட்டை போன பிறகும் அதே கணக்க வச்சுக்கிட்டு மறுபடி குமுற ஆரம்பிச்சுருச்சு, என்னோட பழைய டெனானுக்கு நெல்லு வித்தது எப்படித் தெரியும், திரும்ப ஒரு தடவ அளந்தேன், அப்பவும் மூட்டை அளவுக்கு வரல, மெஷினால முடியறது அவ்வளவுதான். இப்ப மூலைல பழைய இலவம்பஞ்சு மெத்தைய சுருட்டி நிறுத்திருக்கேன், தரைல ஜமக்காளம். அளந்து முடிச்சதும் ஃப்ரண்ட் ஸ்பீக்கர லார்ஜ்னு காட்டுனா நீயே ஸ்மாலுக்கு மாத்தி க்ராஸ்ஓவர 80 ஹெர்ட்ஸ்ல வையி, அதுக்குக் கீழ உள்ள அடி சத்தமெல்லாம் சப்ஊஃபருக்குப் போயிரும். மேல பாத்து அடிக்கிற அட்மாஸ் ஸ்பீக்கர் உனக்கு சரிவரும், உன் வீடு மட்டமான தளம், பத்தடி. எங்க ஓட்டு வீட்ல சத்தம் சரிவுல பட்டு எங்கயோ போயிரும், வாங்கி ஏமாந்தவன் சொல்றேன்.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். என் மொத ரிசீவர் எப்படி செத்துச்சுன்னு உனக்கு முழுசா சொன்னதில்லை. சூடா இருக்குன்னு மேல் ஓட்டை வழியா ஒரு பல்லி எறங்கி போர்டுல படுத்துருக்கு, டப்புன்னு ஒரு சத்தம், கருகுன வாடை. எந்த கம்பெனின்னு கேக்காத, பல்லி கம்பெனி பாத்து போறதில்ல. சர்வீஸ் சென்டர்காரரு மூடியக் கழட்டி அத இடுக்கியால எடுத்து காமிச்சாரு பாரு, வால் மட்டும் அப்படியே இருந்துச்சு. இப்ப கொசு வலைத் துணிய ஒரு ஃப்ரேம்ல கட்டி ரெண்டு வெரக்கடை மேல தூக்கி வச்சிருக்கேன், காத்தும் போகும் பல்லியும் போகாது. மூடுன அலமாரிக்குள்ள மட்டும் வைக்காத, வெந்துரும். ஸ்டெபிலைசர் போடு, பம்புசெட் ஓடுற நேரத்துல எங்க பக்கம் 180-க்கு எறங்குது, உங்க டவுன்ல தேவலாம்னாலும் போடு. ஐப்பசி இடிக்கு பிளக்க மட்டும் புடுங்குனா பத்தாது, டிஷ் ஒயரையும் செட்டாப் பாக்ஸ்லேருந்து கழட்டணும், இடி அந்த வழியா வந்து ஹெச்டிஎம்ஐ போர்ட சாப்ட்டுட்டுப் போயிரும்.

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு? கேட்டேன்னு சொல்லு. எங்க சின்னவன் ப்ளஸ் டூ பரீட்சை, அதனால எங்க வீட்ல ஒரு மாசம் எல்லாமே மியூட்டு. முடிஞ்சதும் கும்பகோணம் வர்றேன், ஸ்பீக்கர் ஒயர் பதினாறு கேஜ் சுத்தமான செம்பா பாத்து ஒரு சுருள் நானே வாங்கியாறேன், நீ போயி செம்பு பூசுன அலுமினியத்த வாங்கிட்டு நிக்காத.

விலைய மட்டும் தங்கச்சிகிட்ட நீயே சொல்லிரு. "அண்ணன்தான் வாங்கச் சொன்னாரு"ன்னு என் தலைல கட்டுனேன்னு வையி, அப்புறம் டிகிரி காபி எனக்கு கெடைக்காது.

உன்
மன்னார்குடி மச்சான்