சர்க்கார் ஓலை

பாளையங்கோட்டை,
ஞாயிறு முற்பகல்.

அன்புள்ள சுடலைமுத்து,

உன் கடைசிக் கடிதத்துக்கு ஏழு மாதமாகப் பதில் போடாதது என் தவறுதான். முழங்கால் வலியையும் வீட்டுக்கு வெள்ளையடித்ததையும் காரணமாகச் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்பதால் சொல்லவில்லை. இங்கு அனைவரும் நலம். உன் தம்பி மகன் வண்ணார்பேட்டையில் கடை திறந்துவிட்டான், வியாபாரம் மோசமில்லை. மைக்செட்காரரைப் பார்த்தேன். உன்னை விசாரித்தார்.

விஷயம் இதுதான்: மூத்தவளுக்குத் திருமணம். மாப்பிள்ளை நாசரேத் பக்கத்துப் பையன். இருவருக்கும் ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது, திடப்படுத்தலும் ஆகியிருக்கிறது, நம்பிக்கை மட்டும் இல்லை. தாங்கள் நம்பாத கடவுள் முன்னிலையில் வாக்குக் கொடுப்பது பொய்ச்சத்தியம், அதைக் கோயிலுக்குள் நின்று செய்யமாட்டோம் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் உள்ளுக்குள் மகிழ்ந்து, உன் திருமணத்தைப் போல ஒரு மண்டபம், இரண்டு மாலை, தலைமை தாங்க ஒரு தோழர் என்று அரை மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும் எனக் கணக்குப் போட்டேன். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவைப் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறேன்! வக்கீல் அதைப் படித்துக் காட்டிய அன்றுதான், ‘இரண்டு இந்துக்களுக்கு இடையே’ என்ற சொற்கள் அதில் இருப்பது என் கண்ணில் பட்டது. அந்தச் சட்டத்தின் கணக்கில் கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி, யூதர் என்ற நான்கு பெட்டிகளில் எதிலும் அடங்காதவர் பெரும்பாலும் இந்துதான். ஆகவே நாற்பது ஆண்டுகளாகப் பிள்ளையாரைக் கேலி பேசிவரும் நீ இந்து. உன் திருமணம் செல்லும். என் மகள் பெரியார் வழியில் மாலை மாற்றிக்கொள்ள வேண்டுமானால் முதலில் இந்துவாக மதம் மாற வேண்டும்! இதைச் சொல்லி உன்னோடு சேர்ந்து சிரிப்பதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு நடந்தவற்றில் அந்தச் சிரிப்பு குறைந்துபோயிற்று.

மிச்சமிருந்த வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதை அங்கே சுவரில் ஒட்டுவார்கள். முப்பது நாளுக்குள் யாரும் ஆட்சேபணை தெரிவிக்கலாம். என் மனைவி இதற்கு ‘சர்க்கார் ஓலை’ என்று பெயர் வைத்திருக்கிறாள். கோயிலில் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று ஓலை வாசிப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் அல்லவா? ஆனால் அந்த ஓலையைக் கேட்டுத் தெருவே வாழ்த்த வரும். இந்த ஓலையை எவரோ கைப்பேசியில் படம் எடுத்துச் சபையின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். நான்காம் நாள் மாலை சபைப் போதகரான ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அவர் நல்ல மனிதர் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். காப்பியைக் குடித்தார், என் முழங்காலை விசாரித்தார், பிறகு மெதுவாகக் கேட்டார்: “நீங்கள் எங்களைத் திட்டி எழுதுகிற எழுத்தையே உங்களுக்கு யார் கொடுத்தது?” கேள்வி சாதாரணமானதன்று. ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் 1820-இல் இந்த ஊருக்கு வந்திராவிட்டால், அவர் வழியில் கிராமந்தோறும் பள்ளிக்கூடம் முளைத்திராவிட்டால், என் அப்பாவைப் பெற்ற ஆச்சி எழுத்துக் கூட்டிப் படித்திருக்கமாட்டாள், நான் குமாஸ்தாவாகியிருக்கமாட்டேன். இந்த நன்றியை நான் எந்த மேடையிலும் மறைத்ததில்லை. ஆனால் அந்த ஆச்சியின் பெற்றோரிடம் மிஷனரிகள் சொன்னது என்ன? உன் தகப்பன் கும்பிட்டான் என்பதற்காகச் சுடலைமாடனைக் கும்பிடாதே (உன்னைச் சொல்லவில்லை), உண்மை எதுவென்று நீயே விசாரித்துப் பார் என்றுதானே? அதைக் கேட்டுப் பீடத்தை இடித்துவிட்டு வந்தவர்களின் கொள்ளுப்பேரனிடம், உன் தகப்பன் கும்பிட்டதை நீ விடலாமா என்று அதே சபை இன்று கேட்கிறது. தகப்பன் தெய்வத்தை விட்டு விலகுவது ஒரு முறை மட்டும் புண்ணியம், இரண்டாம் முறை துரோகம் என்றால் எப்படி? இதை அவரிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “கடந்துபோன காரியம் வேறு” என்றார்.

வேறு ஒன்றுமில்லை. நாசரேத் பக்கத்துச் சட்டாம்பிள்ளை 1857-இல் வெள்ளைக்கார மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு, சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்துத் தனிச் சபையே கண்டாரே, அவரையும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள். விலகிப் போனவர்கள் மீது வரும் கோபம், உள்ளேயே இருந்துகொண்டு கெடுத்தவர்கள் மீது வந்ததாகத் தெரியவில்லை. வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தைப் பார்த்தபடி சாதிக்கொரு பக்கமாக உட்கார வசதியாகக் கால்சட்டைபோல் இரு கிளையாகக் கோயிலைக் கட்டி, நடுவில் சுவரும் வைத்திருந்தார்கள்; 1910-இல் அதை இடித்ததும், சாதி உரிமை போயிற்று என்று வழக்குப் போட்டு உயர்நீதிமன்றம் வரை போனார்கள். கடைசியில் தோற்றார்கள். அவர்களில் எவரும் தம்மை அவிசுவாசி என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் வெளியில் பேச எனக்கும் தயக்கம் உண்டு. 1999-இல் ஒரிசாவில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பாலகர்களையும் வண்டியோடு எரித்த நாளிலிருந்து, நாம் சபையைக் கண்டித்துச் சொல்லும் சொல்லை எவன் எடுத்துக்கொண்டு ஓடுவானோ என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தினால் நம் தோழர்கள் சபை வாசலில் வாயை மூடிக்கொள்கிறார்கள். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி வேட்பாளரும் அங்கே சால்வை போட்டு, தலைகுனிந்து ஜெபம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நானும் பல ஆண்டு மௌனமாகத்தான் இருந்தேன். என் மகளின் பெயர் சுவரில் ஒட்டப்பட்ட பிறகு இருக்க முடியவில்லை.

நம்பிக்கையைப் பற்றி ஐயர் இன்னொன்றும் சொன்னார். போன வருஷம் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நான் பிழைத்தது ஜெபத்தினால்தான் என்று என் மனைவி கோயிலில் சாட்சி சொன்னதை நினைவூட்டினார். மறுக்கவில்லை, சபை முழுவதும் எனக்காக முழங்காலில் நின்றது. ஆனால் அடுத்த கட்டிலில் படுத்திருந்த வள்ளியூர்க்காரருக்காகவும் அவருடைய சபை அதே இரவில் முழங்காலில்தான் நின்றது. விடியற்காலையில் அவர் போய்விட்டார். அவருடைய மகன், ஜெபப் புத்தகத்தையும் வெந்நீர்க் குடுவையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவனை எந்தக் கோயிலிலும் சாட்சி சொல்லக் கூப்பிடமாட்டார்கள், சுடலை. பிழைத்தவர்களை மட்டும் கூட்டி நிறுத்திக் கேட்டால் எந்தத் தெய்வமும் வெல்லும்.

இனிமேல் எழுதப்போவதுதான் என் தூக்கத்தைக் கெடுப்பது. எழுந்து போகும்போது ஐயர் வாசற்படியில் நின்று, திருமணம் இப்படி நடந்தால் கமிட்டி எங்கள் குடும்பத்தின் பெயரைச் சபைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடும், அப்புறம் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்க முடியாது என்றார். தாழ்ந்த குரலில், வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கென்ன, என் உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்து வெகுநாளாகிறது. ஆனால் என் மனைவியின் அம்மா அங்கே கிடக்கிறாள். பிறந்து ஒன்பதாம் நாள் போன எங்கள் மூத்த பிள்ளையும் அங்கேதான் கிடக்கிறது. ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளன்று அந்தச் சின்ன மேட்டுக்கு அவளே சுண்ணாம்பு பூசி மெழுகுவர்த்தி ஏற்றுவாள். நான் வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நம்பாதவன் நான், கையெழுத்துப் போடுகிறவள் மகள், தண்டனை மட்டும் நம்புகிறவளுக்கு. ஐயர் போன பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. காப்பித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். இரவில்தான், “ஓலையைக் கிழிக்கச் சொல்லிவிடாதீர்கள், பிள்ளை அழுவாள்” என்றாள். இப்போது, நான் இதை எழுதும் நேரத்தில், கோயிலில் பாட்டுக் குழுவில் நின்று பாடிக்கொண்டிருக்கிறாள்; காற்று இந்தப் பக்கம் வீசினால் குரல் கேட்கும்.

இன்றோடு பத்தொன்பது நாள். ஆட்சேபணை எதுவும் வரவில்லை. முப்பது கழிந்ததும் வரும் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரம் கேட்டிருக்கிறேன். பதிவாளர் முன்பு இருவரும் ஒருவரையொருவர் சட்டப்படி ஏற்றுக்கொள்வதாக ஒரு வரி சொன்னால் போதும், தமிழிலேயே சொல்லலாம். மூன்று சாட்சிகள் வேண்டும். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், வக்கீல் ஒருவர், மூன்றாவது நீ. செவ்வாய் இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறு. ஆதார் அட்டையை மறக்காதே. மைக்செட்காரரிடம் சொல்லவில்லை.

உன்,
தங்கராஜ்