1944 பண்ணையாள் ஒப்பந்த ஆவணங்களைத் தேடித் தரக் கோரிக்கை மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவாரூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகும் குடும்பங்கள் நாங்கள். திங்கட்கிழமை மனு என்றால் பட்டா, உதவித்தொகை என்றுதான் இருக்கும். நாங்கள் கேட்பது ஒரு பழைய காகிதம்: பண்ணைகளில் கட்டுண்டு உழைத்த பண்ணையாட்கள் 1944-ல் போட்ட ஒப்பந்தம்.

அடிமை உரிமையைக் கோர்ட்டு ஏற்காது என்று வெள்ளைக்காரர் சட்டம் 1843-லேயே வந்துவிட்டது. நூறு வருஷம் கழித்தும் எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் சவுக்கு ஓயவில்லை. தவறு செய்ததாகப் பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் சொன்னால் போதும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். எதிர்த்துப் பேசினால் குடியிருக்க இடமில்லை, மனைக்கட்டே நிலச்சொந்தக்காரரான மிராசுதாருடையது.

யாரிடம் முறையிடுவது? ஓட்டுரிமை பெரும்பாலும் சொத்தையும் வரியையும் பார்த்துத்தான். சட்டசபையில் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசினார்கள், அதை மறக்கவில்லை. ஆனால் அவர்கள் எங்கள் தாத்தா பாட்டி ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் இல்லை. அப்புறம் 1939-ல் மந்திரிசபை விலகியதும் 1946 வரை கவர்னர் ஆட்சி. அந்தச் சபையும் இல்லாமல் போயிற்று.

அந்த நேரத்தில்தான், 1944-ல், கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் முன்னின்று கட்டிய விவசாயிகள் சங்கத்தின் வழியாகப் பண்ணையாட்கள் மிராசுதார்களோடு பேசி ஒப்பந்தம் போட்டார்கள். சவுக்கடி கூடாது, சாணிப்பால் கூடாது என்று அதில் எழுத வைத்தார்கள். ஓட்டில்லாதவர்கள் தங்கள் பேச்சைத் தாங்களே பேசி வாங்கியது என்பதால், எங்களுக்கு எந்தத் தேர்தலையும்விட இது பெரிது. 1952-ல் வந்த தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிரதி கிடைக்கிறது. ஒப்பந்தத்தின் அசலைத்தான் நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

தஞ்சாவூரிலிருந்து 1991-ல் நாகப்பட்டினமும், அதிலிருந்து 1997-ல் திருவாரூரும் பிரிந்தன. கோப்பு எந்த அலமாரியில் தங்கியதோ! ஆகவே, மூன்று மாவட்டங்களின் பதிவறைகளிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேடச் சொல்லி உத்தரவிட வேண்டுகிறோம். கிடைத்தால் அதன் நகலை மன்னார்குடி தாலுகா அலுவலகத்திலும் களப்பால் ஊராட்சியிலும் எல்லோரும் படிக்கும்படி வைக்க வேண்டும். நேரில் கண்ட முதியவர்கள் இன்னும் இருந்தால், அவர்கள் சொல்வதையும் தாமதிக்காமல் பதிவு செய்ய வேண்டும்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால், எங்கெங்கே தேடினார்கள் என்பதை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டார விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர்