லாரி தண்ணி பணம் திரும்ப வருது – கிரெடிட் நோட் பத்தி

எல்லாருக்கும் வணக்கம். போன மாச மெயின்டனன்ஸ் பில்லுல லாரி தண்ணிக்குன்னு வீட்டுக்கு 600 ரூபா போட்டிருந்தோம், ஆனா மெட்ரோ வாட்டர் ஒழுங்கா வந்ததால பாதி லாரிகூட கூப்பிடல, அதனால வீட்டுக்கு 350 ரூபா திருப்பித் தர்றதா கமிட்டில முடிவு பண்ணியாச்சு.

பழைய பில்லையே திருத்திடலாமேன்னு சிலர் கேட்டீங்க. வேண்டாங்க. நிறைய பேர் பணம் கட்டி ரசீது வாங்கியாச்சு, இப்போ அதைத் தொட்டா ரசீது ஒண்ணு சொல்லும் கணக்கு ஒண்ணு சொல்லும். டேலி ப்ரைம்ல (நம்ம கணக்கு சாஃப்ட்வேர்) ஆல்ட் எஃப்6 அழுத்தி, உங்க வீட்டு லெட்ஜர (கணக்குப் பக்கத்த) எடுத்து, பழைய பில் நம்பரையே ரெஃபரன்ஸா குடுத்து கிரெடிட் நோட் (பில் தொகைய குறைச்சதுக்கான சீட்டு) போட்டா 350 உங்க கணக்குல வரவு ஆயிடும், பழைய பில்லும் அப்படியே இருக்கும்.

1. வெள்ளிக்கிழமை ராத்திரி 8 மணிக்குள்ள ஃப்ளாட் நம்பர், பில் கட்டியாச்சா இல்லையா, ரெண்டையும் இங்கயே போடுங்க.

2. கட்டினவங்களுக்கு அடுத்த பில்லுல கழிஞ்சு வரும். கட்டாதவங்க தயவுசெஞ்சு நீங்களா கழிச்சு ஜிபே பண்ணாதீங்க, கிரெடிட் நோட் வந்தப்புறம் மீதிய கட்டுங்க.

3. வாடகைக்கு இருக்கறவங்க கட்டியிருந்தா அதையும் சொல்லுங்க. லெட்ஜர் ஓனர் பேர்ல இருக்கு, ஆனா பணம் கட்டினவங்களுக்குத்தான் போய்ச் சேரணும்.

4. கீழ்த்தள கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டியும் சேர்ந்து குறையும், இன்புட் எடுத்திருந்தா (அதாவது அந்த ஜிஎஸ்டிய உங்க வரியில கழிச்சிருந்தா) அந்த அளவுக்கு ரிவர்ஸ் பண்ணிடுங்க. சட்டப்படி அடுத்த நிதியாண்டு நவம்பர் 30 வரைக்கும் டைம் இருக்கு, ஆனா இழுக்க வேணாம், இந்த மாச ஜிஎஸ்டிஆர்-1லயே (ஜிஎஸ்டிக்கு நாம தாக்கல் பண்ற பில் விவரம்) காட்டிடறோம்.

ஞாயிறு காலைல பிடிஎஃப் அவங்கவங்க நம்பருக்கு வரும், தொகைய பாத்துட்டு ஓகே போடுங்க. வாட்ஸ்அப் பாக்காத பெரியவங்களுக்கு பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க ப்ளீஸ்.