ஷோன் போலின் வெற்றியும் சொல்லாமல் விட்ட பெயர்களும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜமேக்கப் பாடகர் ஷோன் போல் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். தமிழ் இதழொன்று கரிபியன் இசைக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. அந்த மகிழ்ச்சியே இதனை எழுதவும் தூண்டியது. கட்டுரை, அமெரிக்க நிறுவனமொன்றின் விளம்பர பலத்தால் 2003இல் திடீரென உயர்ந்தவர் என்று அவரைச் சித்திரிக்கிறது. அவர் பாடும் மொழியை ‘உடைந்த ஆங்கிலம்’ என்கிறது. அவருடைய பாடல்களின் இசையை அமைத்தவர்களில் ஒருவரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. மூன்றும் திருத்தப்பட வேண்டியவை. மூன்றாவதுதான் என்னை மிகவும் வருத்தியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2003ஆம் ஆண்டுக் கோடையில் நான் ரொறன்ரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கிருந்த வானொலியில் ஷோன் போலின் ‘கெட் பிஸி’ முடிந்து சிறிது நேரத்தில் வெய்ன் வொண்டரின் ‘நோ லெட்டிங் கோ’ வரும். அதன் பின் நியூயோர்க்கைச் சேர்ந்த லூமிடீ என்ற இளம்பெண்ணின் பாடல் வரும். மூன்றிலும் ஒரே கைதட்டல், ஒரே தாளம். ஒருவரிடமிருந்து மற்றவர் திருடியிருக்கிறார் என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். என்னோடு பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த, என்னிலும் வயதில் மூத்த ஜமேக்கர் ஒருவர் சற்றும் கோபப்படாமல் எனக்கு விளக்கம் சொன்னார். டான்ஸ்ஹோல் என்ற ஜமேக்க நடன இசையில் பாடலுக்கு ஒரு பெயர் உண்டு. அதற்கு அடியில் ஓடும் இசைக்கு வேறொரு பெயர் உண்டு. அந்த அடியிசையை ரிடிம் என்பார்கள். தாளத்தையும் பேஸ் என்ற தாழ்ந்த சுருதி இசையையும் இணைத்து ஒரு தயாரிப்பாளர் அதனை முதலில் அமைத்துவிட, பத்துப் பேரோ இருபது பேரோ அதன்மேல் தத்தம் சொற்களை ஏற்றிப் பாடுவார்கள். அவற்றுள் எது நிலைக்கும் என்பதை ஆடுகிற கூட்டம் முடிவு செய்யும். நமது பழைய பாட்டுப் புத்தகங்களில் தலைப்பின் கீழே ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று அச்சிட்டிருப்பார்களே, அதை நினைத்துக்கொண்டபோது எனக்கு விஷயம் பிடிபட்டது. நம்மவர்கள் அதனைத் திருட்டு என்று சொன்னதில்லை. ஆனால் எந்த மெட்டு என்பதைக் குறிப்பிடும் ஒழுங்கு அவர்களிடம் இருந்தது.

நான் கேட்ட அந்த மூன்று பாடல்களுக்கும் அடியில் ஓடிய ரிடிமின் பெயர் ‘திவாலி’. ஆம், நமது தீபாவளியேதான். அதனை அமைத்தவர் ‘லெங்கி’ என்று அழைக்கப்படும் ஸ்டீவன் மார்ஸ்டன். ஒரு ஜமேக்க இசைக்கலைஞர் தமது ஆக்கத்துக்கு இந்துப் பண்டிகையின் பெயரைச் சூட்டியது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் 1845ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் ‘ப்ளண்டல்’ என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஜமேக்காவின் ஓல்ட் ஹார்பர் விரிகுடாவில் கரை சேர்ந்தது. 1917 வரை அவ்வாறு சென்று இறங்கியவர்கள் ஏறத்தாழ 36,000 பேர். பெரும்பான்மையோர் வட இந்தியர். கரும்புத் தோட்டங்களில் உழைத்த அவர்கள் கொண்டுசென்ற பல சொற்களும் சடங்குகளும் அந்தத் தீவின் பொதுச் சொத்தாகிவிட்டன. ‘கெட் பிஸி’ அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்ததும் 2003ஆம் ஆண்டு மே 10 நாளிட்ட பட்டியலில்தான். தற்செயலானதே என்றாலும், இந்த ஒற்றுமையை அறிந்த நாளிலிருந்து அந்தக் கைதட்டலைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கப்பலும் என் நினைவுக்கு வருகிறது.

திடீர் உயர்வு என்ற கருத்துக்கு வருகிறேன். 1973இல் கிங்ஸ்டனில் பிறந்த ஷோன் போல் ஹென்ரிக்ஸ் வசதியான நகர்ப்புறக் குடும்பத்துப் பிள்ளை. அவர் பதின்ம வயதில் இருந்தபோது தந்தை சிறை சென்றார். மகனோ ஜமேக்காவின் தேசிய வாட்டர் போலோ அணியில் நீந்தி விளையாடினார், படித்தார், வங்கியில் காசாளராக வேலை பார்த்தார். டான்ஸ்ஹோலோ கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், 1950களிலிருந்து தெருவோரங்களில் அடுக்கி வைக்கப்பட்ட சவுண்ட் சிஸ்டம் ஒலிபெருக்கிகளைச் சுற்றி வளர்ந்த கலை. அங்கே இசைத்தட்டைச் சுழற்றுபவரைச் செலக்டர் என்றும், அதன்மேல் சொற்களை வீசிப் பாடுபவரை டீஜே என்றும் அழைப்பார்கள். ஆகவே ஷோன் போலைக் கட்டுரை குறிப்பிடுவதுபோல் ‘ராப் பாடகர்’ என்பதும் பொருந்தாது. யூ-ரோய் போன்ற டீஜேக்கள் 1970 அளவிலேயே ஜமேக்க வானொலியைத் தம் வசமாக்கியிருந்தார்கள். மேட்டுக்குடிப் பையன் ஒருவன் அந்த மேடைக்கு ஏறி, குறை சொல்லக் காத்திருக்கும் கூட்டத்திடம் ஏற்பைப் பெறுவது எளிதான காரியமன்று. கட்டுரையாசிரியர் நின்று விவரித்திருக்க வேண்டிய இடம் இதுவே என்பது என் எண்ணம்.

கிங்ஸ்டனில் ஒரு சிறிய திறந்த மேடையில் பாடிய இளைஞன் ஒருவனின் குரல் சூப்பர் கெட்டின் குரலைப் போலவே இருக்கிறது என்ற செய்தி, தயாரிப்பாளர் ஜெரமி ஹார்டிங்கின் காதுக்குத் தம் சகோதரர் வழியாக வந்தது. சூப்பர் கெட் என்ற வில்லியம் மாராக், கிங்ஸ்டனின் கொக்பர்ன் பென் பகுதியில் வளர்ந்த, இந்திய வம்சாவளியும் கலந்த டீஜே. ஷோன் போல் தமக்கு வழிகாட்டியவராகப் பலமுறை குறிப்பிட்டவர். 1996இல் ஹார்டிங்கோடு சேர்ந்து ஷோன் போல் உருவாக்கிய முதல் பாடலான ‘பேபி கேர்ள்’ வெளிவந்தது. ஹார்டிங் அமைத்த ‘பிளேகிரவுண்ட்’ ரிடிமில் பீனி மேன் என்ற டீஜே பாடிய பாடல் பெரும் புகழ் பெற்றபோது, அதே ரிடிமில் ஷோன் போலும் பாடியிருந்தார். 2000ஆம் ஆண்டில் முதல் தொகுப்பான ‘ஸ்டேஜ் ஒன்’ வந்தது. அதனை வெளியிட்டது விபி ரெக்கோர்ட்ஸ். கிங்ஸ்டனில் ராண்டிஸ் என்ற இசைத்தட்டுக் கடையை நடத்தி, பின்னர் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்த வின்சென்ட், பட்ரீசியா சின் தம்பதியின் நிறுவனம் அது. அந்த அம்மையாரின் தந்தை இந்திய வம்சாவளியினர், தாய் சீன வம்சாவளியினர். மயாமியைச் சேர்ந்த ட்ரொய்ட்டன் ராமி தயாரித்த ‘கிம்மி த லைட்’ சவுண்ட் சிஸ்டங்களிலும் கடைகளிலும் பரவிய பிறகுதான் பெரிய நிறுவனமான அற்லாண்டிக், விபியுடன் கை கோத்தது. 2002 நவம்பரில் இரண்டாம் தொகுப்பான ‘டட்டி ரொக்’ வெளிவந்தது. மறு ஆண்டு அமெரிக்கப் பாடகி பியோன்சேயுடன் பாடிய ‘பேபி போய்’ ஒன்பது வாரங்கள் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. 2004இல் சிறந்த ரெகே தொகுப்புக்கான கிராமி விருதும் கிடைத்தது. முதல் பாடலிலிருந்து எண்ணினால் இதற்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கின்றன. அவருக்கு முந்திய ஜமேக்கப் பாடகர்களான ஷாபா ராங்ஸும் ஷாகியும் ஏற்கெனவே திறந்து வைத்த கதவு அது என்பதையும் மறக்கலாகாது.

நமது ரொறன்ரோவோடு இந்தக் கதைக்கு நேரடித் தொடர்பு இருந்தும் கட்டுரையில் அது பற்றி ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ‘கெட் பிஸி’ காணொளி படமாக்கப்பட்டது ரொறன்ரோவின் புறநகரில், ஒரு வீட்டின் நிலத்தடித் தளமான பேஸ்மென்ட்டில். இயக்கியவர் இங்கு வளர்ந்த டிரெக்டர் எக்ஸ், நடனம் அமைத்தவர் இங்குள்ள ஜமேக்கக் குடும்பத்துப் பெண்ணான தனீஷா ஸ்கொட். தாழ்ந்த கூரை, நெருக்கியடித்த உறவினரும் நண்பரும், மேல் வீட்டில் பெரியவர்கள். பேஸ்மென்ட்டில் குடியிருந்து இந்த நாட்டு வாழ்க்கையைத் தொடங்கிய நம் குடும்பங்களுக்கு அந்தக் காட்சியில் அந்நியமானது எதுவுமில்லை.

‘உடைந்த ஆங்கிலம்’ என்ற சொல்லாட்சியைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஷோன் போல் பாடும் ஜமேக்கப் பத்துவா மொழிக்குத் தனக்கென்று இலக்கணம் உண்டு, எழுத்துமுறை உண்டு; 2012இல் புதிய ஏற்பாடு முழுவதும் அதில் வெளிவந்தது. அந்த மொழியில் கவிதை எழுதி அதற்கு மதிப்புத் தேடித்தந்த லூயிஸ் பென்னெட் அம்மையார் தம் இறுதி ஆண்டுகளை ரொறன்ரோவில் கழித்து, 2006இல் இங்கேயே மறைந்தார். சொந்த மொழியின் மதிப்புக்காக இவ்வளவு இழப்புகளைச் சந்தித்த நாம் இன்னொருவரின் தாய்மொழியை உடைந்தது என்று சொல்வது தகாது. பாடல் வரிகளில் பெண்கள் சித்திரிக்கப்படும் முறை குறித்துக் கட்டுரையாசிரியர் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது. அதில் எனக்கு மாறுபாடு இல்லை.

பெயர் சொல்லுதலை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2016இல் டான்ஸ்ஹோல் தாளம் உலகெங்கும் மீண்டும் ஒலித்தபோது அதற்கு ‘டிரொப்பிக்கல் ஹவுஸ்’ என்று வேறொரு பெயர் ஒட்டப்பட்டது. ஆஸ்திரேலியப் பாடகி சியாவுடன் ஷோன் போல் பாடிய ‘சீப் திரில்ஸ்’ அந்த ஆண்டில் அமெரிக்கப் பட்டியலில் நான்கு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அப்போது, நமது ஒன்ராறியோவைச் சேர்ந்த டிரேக்கும் ஜஸ்டின் பீபரும் அந்த இசையின் ஊற்று எது என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று ஷோன் போல் பிரித்தானிய நாளிதழ் ஒன்றிடம் வருந்திக் கூறினார். 1989இல் ஸ்டீலி, கிளீவி என்ற இரு ஜமேக்கர்கள் அமைத்த ஒரு ரிடிம்தான் பின்னாளில் லத்தீன் அமெரிக்காவின் ரெகேற்றோன் இசைக்கே தாளமாக அமைந்தது. தமது ஆக்கத்துக்கு உரிமை கோரி அவர்கள் தரப்பினர் 2021இல் அமெரிக்க நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று.

எனவே எனது வேண்டுகோள் இதுதான்: கட்டுரையின் இணையப் பதிப்பிலாவது ஸ்டீவன் மார்ஸ்டன், ஜெரமி ஹார்டிங், ட்ரொய்ட்டன் ராமி ஆகியோரின் பெயர்களை உரிய இடங்களில் சேர்த்து, ‘கெட் பிஸி’ பற்றிய பத்தியில் அதன் ரிடிமின் பெயர் திவாலி என்பதையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ