முள்ளுக் கத்தரியும் உன் பாடமும்

இலவம்பாடி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். பனி இறங்கியதில் ஆயாவுக்கு முட்டிவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

நேற்று போனில் மூலக்கூறு உயிரியலில் 50-க்கு 11 என்றாய். "எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டுத்தான்பா போனேன், எனக்கு இது வராது" என்றாய். நான் பேச ஆரம்பித்ததும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிட்டாய். ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், பிளஸ் டூ வகுப்பில் டி.என்.ஏ. இரட்டிப்பாவதை நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒரு டி.என்.ஏ. என்று. கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "அது அப்படித்தான்னு எப்படி சார் தெரியும்? கண்ணால பார்க்க முடியாதே?" என்று கேட்டாள். "புக்குல இருக்கு, எழுதிக்கோ" என்று உட்கார வைத்துவிட்டேன். எனக்குப் பதில் தெரியவில்லை, அதுதான் உண்மை. அன்று ராத்திரி தேடிப் படித்தேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

அவளுக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். 1958-இல் மெசல்சன், ஸ்டால் என்று இரண்டு பேர். பாக்டீரியாவுக்குக் கனமான நைட்ரஜனை மட்டுமே கொடுத்துப் பல தலைமுறை வளர்த்தார்கள். டி.என்.ஏ. முழுக்கக் கனமாகிவிட்டது. பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ.வை எடுத்து, சீசியம் குளோரைடு கரைசலில் போட்டு, அதிவேகமாகச் சுழற்றினார்கள். கனமானது கீழே நிற்கும், லேசானது மேலே நிற்கும். முதல் தலைமுறையில் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பட்டை. பழைய டி.என்.ஏ. அப்படியே இருந்து புதியது தனியாக உண்டாகியிருந்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பட்டை வந்திருக்கும். அந்த யோசனை அங்கேயே அடிபட்டது. அடுத்த தலைமுறையில் நடுவில் ஒன்று, மேலே ஒன்று. இழைகள் துண்டு துண்டாகக் கலந்திருந்தால் அப்போதும் ஒரே பட்டைதான் வந்திருக்கும். அந்த யோசனையும் அடிபட்டது. மிஞ்சியது எதுவோ அதைத்தான் நீ மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கிறாய். அது வந்த வழியை விட்டுவிட்டாய், பாப்பா. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும் கை நின்றுபோனது அதனால்தான்.

இன்னொன்று. மரபியல் பரவாயில்லை, மூலக்கூறு உயிரியல்தான் பயமாக இருக்கிறது என்றாய். இரண்டும் வேறு வேறு என்று யார் சொன்னது? நம் கொல்லைக்கு வா.

நான் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, பக்கத்துக் கொல்லையில் முள்ளில்லாத கத்தரி நட்டார்கள். ஆயா எப்போதும்போல நல்ல செடியாகப் பார்த்து அடையாளத்துக்குத் துணி கட்டி, காயைப் பழுக்கவிட்டு, தண்ணீரில் பிசைந்து, மிதப்பதைத் தள்ளி, அடியில் தங்கிய விதையைச் சாம்பலில் புரட்டிக் காய வைத்தாள். அடுத்த வருடம் எல்லாச் செடியிலும் முள். அதற்கடுத்த வருடம் ஒரே செடியின் விதையில் வந்த வரிசையில் மட்டும் அங்கங்கே மொழுமொழுவென்று செடிகள். ஆயா திட்டிக்கொண்டே பிடுங்க வந்தாள். நான் தடுத்து எண்ணினேன். 38 செடியில் 9. மரபியல் பாடத்தில் வரும் நாலில் ஒன்றுக்கு எவ்வளவு கிட்டே பார். தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கிறது. முள் ஓங்கு பண்பு, முள்ளின்மை ஒடுங்கு பண்பு. ஒரு தலைமுறை ஒளிந்திருந்து வெளியே வந்திருக்கிறது. நான் விளக்கியபோது ஆயா, "பாட்டன் ஜாடை பேரனுக்கு வராதா? இதுக்கு நீ காலேஜுக்குப் போவணுமா?" என்றாள்.

அன்று எனக்கு அவ்வளவுதான் தெரியும். முள் ஏன் வருகிறது, ஏன் வராமல் போகிறது என்பதற்கு அப்போது பதில் இல்லை. 2024-இல்தான் வந்தது. கத்தரிக் குடும்பத்தில் எல்.ஓ.ஜி. என்ற மரபணு வகை இருக்கிறது. சைட்டோகைனின் ஹார்மோனைச் செயல்படும் வடிவத்துக்குக் கொண்டுவரும் நொதிக்கான குறிப்பு அதில்தான். அப்படி ஒரு மரபணு பழுதானால் முள் வராது. கத்தரியில் பழுது எங்கே தெரியுமா? மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் இடத்தில், நீ பயப்படுகிறாயே அந்த ஸ்பிளைசிங்கில். செடியில் இருக்கும் இரண்டு பிரதியில் ஒன்று நன்றாக இருந்தாலே நொதி கிடைத்துவிடும், முள்ளும் வந்துவிடும். அதனால்தான் முள் ஓங்கு பண்பு. ஆயா கையில் குத்தும் முள்ளும் உன் புத்தகத்தில் இருக்கும் ஸ்பிளைசிங்கும் ஒரே கதை.

ராத்திரி புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் டி.என்.ஏ.விலிருந்து புரதம் வரை நீயாகவே வரைந்து பார். எங்கே கை நிற்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து படி. ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்போலக் கேள். புரதத்தில் ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் குறியீட்டுக்கு ஏன் மூன்று எழுத்து? டி.என்.ஏ.வின் நாலு எழுத்தை இரண்டு இரண்டாக அடுக்கினால் 16 தான் வரும், அமினோ அமிலமோ 20. மூன்றாக அடுக்கினால் 64. இப்படி ஒரு தடவை போட்டுப் பார்த்தால் மறக்காது. இங்கிலீஷில் வராவிட்டால் தமிழில் எழுது. புரிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். நீ தமிழ் மீடியத்தில் படித்தது ஒரு குறையே இல்லை.

துறையை மாற்றுவதைப் பற்றி பொங்கலுக்கு வரும்போது பேசுவோம். அதுவரை முடிவு எதுவும் எடுக்காதே. மார்க்கைக் கேட்டு அப்பாவுக்கு வருத்தம், கோபம் இல்லை.

இந்த வருடமும் கிணற்றோரம் முள்ளில்லாத செடி இரண்டு முளைத்திருக்கின்றன. ஆயா பிடுங்கத்தான் வந்தாள். "பேத்தி வந்து பார்க்கட்டும்" என்றதும் கையை எடுத்துவிட்டாள். பூவுக்குத் துணிப்பை கட்டி வைத்திருக்கிறேன், பக்கத்துச் செடியோடு கலக்காமல் இருக்க. வந்ததும் நீயே அவிழ்த்துப் பார்.

அன்புடன்,
அப்பா