ரப்பரால் தேய்த்த ரேம்

கடலூர்,
4.1.2026

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்ல" என்று முடித்துவிடுவாய். அதோடு, இன்று நான் சொல்ல வந்த விஷயத்தைப் போனில் சொன்னால் நாலு வார்த்தைக்கு ஒருமுறை குறுக்கே பாய்வாய். அதனால்தான் கடிதம்.

நம் கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது. தானே புயலில் தென்னை, முந்திரி எல்லாம் சாய்ந்து ஊரே மொட்டையாக நின்றதே, அடுத்த வருடம் 2012-இல் ரிச்சி தெருவில் இரண்டு பேரும் அலைந்து வாங்கி வந்தோமே, அதுதான். ஈசிஆர் பஸ்ஸில் கேபினெட்டை மடியில் வைத்து அதன்மேல் தலை சாய்த்து நீ புதுச்சேரி வரை தூங்கினாய். உன் கன்னத்தில் காற்றோட்ட ஓட்டைகளின் அச்சு வரிசையாக விழுந்திருந்தது.

ஒரே நாளில் போகவில்லை. ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது, நீளமாக பீப் சத்தம் மட்டும். ரேமை, அந்த மெமரிக் குச்சியை, கழற்றிப் பார்த்தேன். தங்க நிறப் பற்களின்மேல் வெளிறிய படலம், ஓரத்தில் இரண்டு பல் லேசாகப் பச்சை. பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டினேன், ஓடியது. பத்து நாளில் மறுபடியும் பீப், மறுபடியும் ரப்பர். மூன்றாம் முறை ரேம் சுத்தமாகத்தான் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், ரேம் உட்காரும் பள்ளத்துக்குள்ளேயே பச்சை ஏறியிருக்கிறது. அங்கே எந்த ரப்பர் போகும்?

தேவனாம்பட்டினம் கடற்கரைக் காற்று அப்படி. உப்புத்தூள் சும்மா படிந்து கிடந்தால் பெரிய கெடுதல் இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அப்புறம் உலோகம் உப்புத்தண்ணீரில் ஊறுகிற மாதிரிதான். இங்கே ராத்திரியில் 75-ஐத் தாண்டாத நாளை விரல் விட்டு எண்ணலாம். இதில் வேடிக்கை, தினமும் ஓடுகிற பெட்டி அதன் சூட்டிலேயே காய்ந்துவிடும். சும்மா கிடப்பதுதான் சீக்கிரம் கெடும். போன மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வேலை குறைச்சல், பெட்டியும் சும்மாதான் கிடந்தது.

எப்படியும் மாற்றத்தான் வேண்டியிருந்தது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் போன அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதைச் சேர்க்காது. நம்முடையது மூன்றாம் தலைமுறை. லினக்ஸ் போடு என்பாய். இருபது வருடக் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் விண்டோஸுக்கான பழைய பேஜ்மேக்கரில் கிடக்கின்றனவே, அவற்றை யார் திறப்பது?

சரி, ரெடிமேடாகவே வாங்கிவிடலாம் என்று புதுச்சேரி நேரு வீதிக்குப் போனேன். கடைப் பையன் நல்ல மாதிரி. மூன்று வருட வாரண்டி, வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், விண்டோஸ் உள்ளேயே இருக்கிறது என்று அடுக்கினான். "பக்கத்து மூடியைக் கழற்றிக் காட்டுப்பா" என்றேன். கம்ப்யூட்டர் வாங்க வந்தவன் கேட்கிற கேள்வியா இது என்று பார்த்தான், ஆனாலும் கழற்றினான். உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் ஒரு மாதிரிக் குட்டை. மதர்போர்டுக்குப் போகிற பிளக்கில் நமக்குத் தெரிந்த 24 ஊசி இல்லை, அவர்களே வைத்த ஏதோ ஒன்று. போர்டின் வடிவமும் அவர்களுடையதுதான். அந்தக் கேபினெட்டில் வேறு போர்டு உட்காராது, அந்தப் போர்டுக்கு வேறு எஸ்எம்பிஎஸ் சேராது.

எதிர் வீட்டில் இதே கதை நடந்தது. கம்பெனிப் பெட்டி, வாரண்டி முடிந்த ஆறாவது மாதம் எஸ்எம்பிஎஸ் போனது. வெளியில் கிடைக்காது, கம்பெனியில்தான் வாங்க வேண்டும், வரும் வரும் என்று ஒன்றரை மாதம் ஓட்டினார்கள். இப்போது அந்தப் பெட்டிமேல் தண்ணீர் கேன் உட்கார்ந்திருக்கிறது.

நம் கேபினெட்டோ 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவு. இன்று வருகிற போர்டின் திருகு ஓட்டையும் அதே இடத்தில்தான். துருப்பிடித்த திருகுகளை மாற்றினால் கேபினெட் இன்னும் பத்து வருடம் உழைக்கும். 2018-இல் போட்ட எஸ்எஸ்டி டிஸ்க், மானிட்டர், கீபோர்டு எல்லாம் அப்படியே. எஸ்எம்பிஎஸ் மட்டும் பழையதை நம்பமாட்டேன், புதிதுதான்.

ஆனால் இந்த நேரம் பார்த்து ரேம் விலை! போன வருட நடுவில் நாலாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்த 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இப்போது மூன்று மடங்குக்கும் மேலே. ஏஐ சர்வர்களுக்கு விற்றால் லாபம் அதிகம் என்று மெமரி கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. மைக்ரான் கம்பெனி நம்மைப் போன்றவர்களுக்கு விற்கிற 'குருஷியல்' பிராண்ட் வியாபாரத்தையே மூடப்போவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. நாம் 2012-இல் வாங்கியதும் குருஷியல்தான், ரப்பரால் தேய்த்தேனே, அதே ரேம். இந்தக் கணக்கில் பார்த்தால் ரெடிமேட்தான் மலிவு, ஏனென்றால் பழைய விலை ரேம் போட்ட பெட்டிகள் இன்னும் கடையில் கிடக்கின்றன. இரண்டு நாள் தூக்கமே வரவில்லை போ.

கடைசியில் நானே சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ரைசன் 5 5600ஜி பிராசஸர், ஏ520 போர்டு, ஒரு தலைமுறை பழைய டிடிஆர்4 ரேம் 8 ஜிபி ஒற்றைக் குச்சி. இன்னொரு பள்ளம் காலியாகவே இருக்கட்டும், விலை இறங்கினால் பார்ப்போம். இப்போது நீ குறுக்கே பாய்வாய்: இந்தப் பிராசஸர் உட்காருகிற ஏஎம்4 செத்த சாக்கெட், நாளைக்குப் பெரிய பிராசஸர் போட முடியாது என்பாய். 2012-இலும் இதையேதான் சொல்லி என்னை ஐ5 வாங்கவைத்தாய். பதின்மூன்று வருடத்தில் பிராசஸரைத் தொட்டோமா? ரேம் ஒருமுறை கூட்டினோம், எஸ்எஸ்டி போட்டோம், எஸ்எம்பிஎஸ் ஒருமுறை, சிமாஸ் பேட்டரி இரண்டு முறை. எல்லாம் பழுது பார்த்ததுதான். கடலூரில் எனக்குத் தேவை நாளைக்குப் பெரிதாகிற பெட்டி இல்லை மாப்ளே, கெட்டுப்போன பாகத்தை லாரன்ஸ் ரோட்டில் வாங்கி சாயந்திரத்துக்குள் மாட்டுகிற பெட்டி.

உன் தங்கச்சிக்குத்தான் சம்மதம் இல்லை. "கம்பெனிப் பெட்டி கெட்டா கம்பெனிக்காரனைத் திட்டலாம். நீங்க சேர்த்தது கெட்டா யாரைத் திட்டுறது, உங்களைத்தானே?" என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மகள் பெங்களூரிலிருந்து லேப்டாப் லேப்டாப் என்கிறாள். திரை போனால் லேப்டாப்பை எந்த ரப்பரால் தேய்ப்பது?

சாமான் எல்லாம் வந்துவிட்டது, மேசைமேல் பிரிக்காமல் இருக்கிறது. பிராசஸர், ரேம் எல்லாம் நானே மாட்டிவிடுவேன். முன்பக்க சுவிட்ச், விளக்குக்கான அந்தக் குட்டி ஊசிகள்தான் பிரச்சினை; போர்டில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கிறான், கண்ணாடி போட்டாலும் பிளஸ் எது மைனஸ் எது என்று தெரியவில்லை. பொங்கல் முடிந்து தை ஐந்து ஆற்றுத் திருவிழாவுக்கு வா. காலையில் பெண்ணையாற்றுக்குப் போய்விட்டு வந்து உட்காரலாம். கேபினெட்டைத் தரையில் வைக்கமாட்டேன், மேசை உயரத்துக்கு வைக்கிறேன், உன் முழங்காலுக்குச் சிரமம் இருக்காது.

வரும்போது அந்தக் காந்த முனை ஸ்க்ரூடிரைவரைக் கொண்டு வா. 2012-இல் 'நாளைக்குத் தர்றேன்' என்று எடுத்துப் போனது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்