சந்தேகம் முன்னால், படை பின்னால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் சீனத்து மிங் பேரரசின் ரகசியக் காவல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சுவையாக எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டு இடங்களில் பிசகு. அந்தப் பிசகுகளால் கட்டுரையின் முடிவே கோணலாகிவிட்டது என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலாவது, சோங் லியான் வீட்டு விருந்து. வயதான அறிஞர் அவர். ஒருநாள் வீட்டில் விருந்தாளிகளோடு மது அருந்தினார். மறுநாள் பேரரசர் ஜூ யுவான்ஜாங் அவரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்: நேற்றுக் குடித்தீரா? யார் யார் வந்தார்கள்? என்னென்ன சமைத்தீர்கள்? கிழவர் ஒன்றுவிடாமல் சொன்னார். அரசர் சிரித்துவிட்டு, ‘சரிதான், நீர் என்னை ஏமாற்றவில்லை’ என்றாராம். ஆளனுப்பி எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகு கேட்ட கேள்விகள் அவை. இதை ‘ஜின்யீவெய்’, அதாவது பூவேலை உடைக் காவல்படையின் சாமர்த்தியம் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அந்தப் படை உருவானது 1382-இல். சோங் லியான் செத்தது 1381-இல்!

ஒரு வருடக் கணக்குத்தானே என்று விட்டுவிட முடியவில்லை. 1380-இல் பிரதம அமைச்சர் ஹூ வெய்யோங் மீது சதி வழக்கு வந்தது. அதில் சோங் லியானின் பேரன் சிக்கினான். கிழவருக்கும் மரண தண்டனைதான் விதிக்க இருந்தார்கள். மகாராணி மா மன்றாடியதால் நாடுகடத்தலோடு தப்பினார், போகும் வழியிலேயே உயிர் போயிற்று. விருந்துச் சாப்பாட்டைப் பற்றிக்கூடப் பொய் சொல்லாத மனிதரின் கதி இது. இத்தனையும் ஜின்யீவெய் பிறப்பதற்கு முன்னால். சந்தேகம் ஏற்கெனவே அரண்மனையில் குடியிருந்தது. 1382-இல் அதற்குப் பூவேலைச் சட்டை மாட்டி, சொந்தமாகச் சிறைச்சாலையும் கொடுத்தார்கள். ஐந்தே வருடத்தில், 1387-இல், படையின் சித்திரவதைக் கருவிகளை எரிக்கச் சொன்னவரும் அதே ஜூ யுவான்ஜாங்தான் என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

இரண்டாவது, எல்லாப் பழியையும் அண்ணகர்கள் தலையில் கட்டியிருப்பது. (கட்டுரையில் ‘திருநங்கைகள்’ என்று இருக்கிறது. தயவுசெய்து திருத்துங்கள். இவர்கள் அரண்மனை வேலைக்காக விதையடிக்கப்பட்ட ஆண்கள். அதற்கு ‘அண்ணகர்’ என்ற சொல் தமிழில் இருக்கிறது.)

1420-இல் பெய்ஜிங்கில் ‘தோங்சாங்’, அதாவது கிழக்குக் கொட்டகை என்ற ரகசிய அமைப்பைத் தொடங்கி, அதை அண்ணகர்கள் கையில் கொடுத்தவர் பேரரசர் யோங்லெ. அண்ணன் மகனிடமிருந்து 1402-இல் அரியணையைப் பறித்தவர். பட்டமேற்பு அறிவிப்பை எழுதித்தர மறுத்த ஃபாங் சியாவ்ரு என்ற அறிஞரைக் கொன்றவர். அந்த ஃபாங், நாம் மேலே பார்த்த சோங் லியானின் மாணவர். படித்த அதிகாரிகள் தன்னை மனதார ஏற்கவில்லை என்று யோங்லெக்குத் தெரியும். அரியணைக்காக நடந்த போரின்போது அண்ணன் மகனின் அரண்மனைச் செய்திகளைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அண்ணகர்கள். நம்பிக்கை அந்தப் பக்கம் சாய்ந்ததில் என்ன ஆச்சரியம்?

அண்ணகர் என்றாலே சதிகாரர் என்று எழுதுகிறவர்கள் கொழும்பு அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். 1409 என்று தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. சீனம், பாரசீகத்தோடு தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். தமிழ்ப் பகுதியில் தெனாவரை நாயனார் என்ற கடவுளுக்குக் காணிக்கைப் பட்டியல் வெட்டியிருக்கிறார்கள். 1911-இல் காலி நகரில் மதகு மூடியாகக் கிடந்த கல் அது. அதைக் கடல்வழி கொண்டுவந்த தளபதி செங் ஹே ஓர் அண்ணகர். அனுப்பிய பேரரசர் இதே யோங்லெ.

தோங்சாங் எப்படி வேலை பார்த்தது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. எனக்கு அதுதான் முக்கியம். ஒவ்வொரு மாதமும் முதல் நாள் நூற்றுக்கணக்கான ஆட்கள் முற்றத்தில் கூடிச் சீட்டெடுப்பார்கள். யார் எந்த அலுவலகத்தை, எந்த நகர வாசலைக் கண்காணிப்பது என்பது சீட்டில் விழும். விசாரணையில் யார் என்ன சொன்னார், எங்கே தீப்பிடித்தது என்பதோடு அரிசி, பயறு, எண்ணெய் விலையும் அறிக்கையில் போகும். நள்ளிரவானாலும் அரண்மனைக் கதவிடுக்கு வழியே காகிதம் உள்ளே போய்விடும். யார் வீட்டிலோ உப்புக்கும் புளிக்கும் நடந்த சண்டை அந்தப்புரத்தில் சிரிப்புக் கதையாகும்.

பிறகு 1477-இல் வாங் ஜீ என்ற அண்ணகரின் மேற்குக் கொட்டகை, அதற்குப் பின் லியூ ஜின் என்ற அண்ணகரின் உட்கொட்டகை என்று இதே மாதிரி அமைப்புகள் வந்தன. லியூ ஜின்னை 1510-இல் அணுஅணுவாக வெட்டிக் கொன்றார்கள்.

பிற்காலத்தில் தோங்சாங்கை ஆட்டிவைத்த அண்ணகர் வெய் ஜோங்சியான். அவர் காலத்துக் கதை ஒன்று மிங் வரலாற்றில் இருக்கிறது. நாலு பேர் ராத்திரி அடைத்த அறைக்குள் குடிக்கிறார்கள். போதையில் ஒருவன் வெய்யைத் திட்டுகிறான். மற்ற மூவரும் வாயைத் திறக்கவில்லை. திட்டி முடிப்பதற்குள் ஆட்கள் வந்து நால்வரையும் வெய் முன்னால் நிறுத்திவிட்டார்கள். திட்டியவனைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். பேசாமல் இருந்த மூவருக்கும் பொன் கொடுத்தார்கள்.

1627-இல் புதிய பேரரசர் சோங்ஜென் வந்தார், வெய் தூக்கில் தொங்கினார். கட்டுரை இங்கே ‘இருள் விலகியது’ என்று முடிகிறது. விலகவில்லை, ஐயா. வெய்யை விரட்டிய சோங்ஜென் தோங்சாங்கை மட்டும் மூடவில்லை. 1644-இல் அவரும் தூக்கில் தொங்கிப் பேரரசு கவிழும்வரை அது நடந்தது.

கட்டுரைக்கு வாளேந்திய வீரர் படம் போட்டிருந்தீர்கள். அடுத்த முறை யுவே ஃபேய் படத்தைப் போடுங்கள். தேசத்துரோகம் செய்தாரா என்று கேட்டதற்கு ‘இருந்தாலும் இருக்கும்’ என்ற பதிலையே ஆதாரமாக வைத்து 1142-இல் கொல்லப்பட்ட, மிங்குக்கு முந்தைய சோங் வம்சக் காலத்துத் தளபதி. தோங்சாங்கின் விசாரணைக் கூடத்தை ஒட்டிய அறையில் அவர் படத்தைத்தான் மாட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
காரைக்குடி